ஃபெர்னாண்டா மொண்டெனேக்ரோ படங்கள எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கலாம்?

நைட்ஷோ_நாகு:
போன வாரம் ஐ ஆம் ஸ்டில் ஹியர்ங்கற பிரேசில் படம் பாத்தேன். படத்த மொத்தமா தோள்ல தூக்கிட்டுப் போறது ஃபெர்னாண்டா டோரெஸ்தான், அதுல ரெண்டு கருத்தே இல்ல, ஆனா கடைசில ஒரு சீன் வருது பாருங்க, 2014ல குடும்பமே ஒண்ணா கூடியிருக்கு, டோரெஸ் நடிச்ச அதே யூனிஸ் கேரக்டர் இப்ப பாட்டியாகி, அல்சைமர் முத்திப்போயி சக்கர நாற்காலில உக்காந்திருக்காங்க, டிவில சர்வாதிகார ஆட்சில காணாமப்போனவங்க பத்தி நியூஸ் ஓடுது, அதுல புருஷன் ரூபென்ஸ் போட்டோ வருது. டயலாக்கே கிடையாது. கண்ணுல என்னவோ ஒண்ணு தட்டுப்படுது, அடுத்த செகண்ட் திரும்ப மங்கிப்போயிடுது. நான் ரீவைண்ட் பண்ணி பண்ணி பாத்தேன்.

அப்புறம் தேடுனா அந்தப் பாட்டி ஃபெர்னாண்டா மொண்டெனேக்ரோ, டோரெஸோட சொந்த அம்மாவாம்! 1929ல பொறந்தவங்களாம். சென்ட்ரல் ஸ்டேஷன் படத்துல நடிச்சவங்கன்னு போட்டிருந்துச்சு, அத காலேஜ் டைம்ல பாத்த ஞாபகம் மங்கலா இருக்கு. ஒரு எடத்துல நாடக நடிகைன்னு எழுதியிருக்கான், இன்னொரு எடத்துல சீரியல் ஸ்டார்ங்கறான், இன்னொருத்தன் ஆஸ்கர் நாமினிங்கறான். இதுல எதுதான் நெஜம்? போர்ச்சுகீஸ் ஒரு எழுத்து தெரியாது, சப்டைட்டில நம்பித்தான் பொழப்பு. எத மொதல்ல பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

ரீல்பெட்டி:
ப்ரோ மொதல்ல சென்ட்ரல் ஸ்டேஷன திரும்ப பாருங்க, மங்கலான ஞாபகத்துல விடுற படம் இல்ல அது. 1998, வால்டர் சால்லெஸ், அதே ஐ ஆம் ஸ்டில் ஹியர் டைரக்டர்தான். பெர்லின் பட விழால படத்துக்கு மொத பரிசு கோல்டன் பேர், இவங்களுக்கு பெஸ்ட் ஆக்ட்ரஸ் சில்வர் பேர், ரெண்டும் ஒரே வருஷம்.

கத தெரியும்ல, டோரான்னு ரிட்டயர்டு டீச்சர், ரியோ ஸ்டேஷன்ல ஒரு சின்ன டேபிள் போட்டு எழுதப்படிக்கத் தெரியாதவங்களுக்கு லெட்டர் எழுதிக் குடுக்குற வேல, காசு வாங்கிக்குவா, ஸ்டாம்புக்கும் சேத்து வாங்கிக்குவா, ஆனா போஸ்ட் பண்ண மாட்டா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி ஃப்ரெண்டோட சேந்து படிச்சு சிரிச்சுட்டு பாதிய கிழிச்சுப் போட்டுருவா, மீதி டிராயருக்குள்ள. அதோட நிக்கல, அம்மா பஸ்ல அடிபட்டு செத்துப்போன பையன ஒரு கும்பல்கிட்ட வித்துட்டு அந்தக் காசுல டிவி வாங்குறா. ஹீரோயினுக்கு இப்படி ஒரு ஆரம்பம் குடுத்துட்டு அப்புறம் நம்மள அவ பக்கம் இழுக்கணும், அது லேசுப்பட்ட வேல இல்ல. மொண்டெனேக்ரோ என்ன பண்ணல தெரியுமா, எந்த எடத்துலயும் "நான் உள்ளுக்குள்ள நல்லவதான்"னு ஒரு ஹிண்ட் கூட குடுக்கல. பயம் வந்ததாலதான் பையன திரும்ப கூட்டிட்டு வர்றாளோன்னு நமக்கே டவுட்டு வரும்.

ஸ்டேஷன் சீன்கள்ல வர்ற முகங்கள்ல நிறைய பேரு நடிகர்களே கிடையாது, டேபிள போட்டு உக்கார வச்சப்ப நெஜமாவே ஆளுங்க வந்து லெட்டர் சொல்லியிருக்காங்க, அத அப்படியே எடுத்துக்கிட்டாரு சால்லெஸ். பையனா நடிச்ச வினிசியஸ் டி ஒலிவேரா ரியோ ஏர்போர்ட்ல ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டிருந்தவன், அங்கதான் டைரக்டர் கண்ணுல பட்டான். இப்படி நடிச்சே பழக்கம் இல்லாத ஒரு பையன் எதிர்ல, அம்பது வருஷமா தொழில்ல இருக்குற ஒருத்தங்க "நடிக்கிறேன்"னு தெரியாம நடிக்கணும்.

ஸ்பாய்லர் வேணாம்னா இந்த பாராவ தாண்டிருங்க. நடுவுல ஒரு லாரி டிரைவர் வருவாரு, டோராவுக்கு அவரு மேல ஒரு ஈர்ப்பு. ரோட்டோர ஹோட்டல் பாத்ரூம்ல முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பளகிட்ட லிப்ஸ்டிக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு வெளிய வர்றா. லாரி கெளம்பிப் போயிருச்சு. அவ்வளவுதான் சீன். கண்ணாடி முன்னாடி அந்த வாய அவங்க எப்படி வச்சுக்குறாங்கன்னு மட்டும் கவனிங்க, பல வருஷமா லிப்ஸ்டிக்க கையால தொடாத பொம்பளயோட வாய் அது.

கேள்விக்குறி:
சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு இவங்க ஆஸ்கர் நாமினி ஆன வருஷம், அத க்வினெத் பால்ட்ரோவுக்கு குடுத்தானுங்க பாருங்க, ஷேக்ஸ்பியர் இன் லவ்வுக்கு. 26 வருஷம் கழிச்சு பொண்ணும் அதே பெஸ்ட் ஆக்ட்ரஸ் லிஸ்ட்ல வந்து அவங்களுக்கும் கெடைக்கல. ஒரே டைரக்டர், ஒரே குடும்பம், ரெண்டு தடவ அல்வா. பொறுக்கல எனக்கு 😤

ரீல்பெட்டி:
@கேள்விக்குறி கொதிக்காதீங்க, 1999ல கேட் பிளான்செட், மெரில் ஸ்ட்ரீப், எமிலி வாட்சன்னு மத்தவங்களும் லிஸ்ட்ல இருந்தாங்க. போர்ச்சுகீஸ் பேசுற ரோலுக்கு ஒரு ஆக்ட்ரஸ் அந்த லிஸ்டுக்குள்ள வந்ததே அதான் மொத தடவ. பொண்ணு விஷயத்துல 2025ல கோல்டன் குளோப் வாங்கிட்டாங்களே, மேடையில அம்மாவுக்குத்தான் டெடிகேட் பண்ணாங்க, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி அம்மா இதே எடத்துல உக்காந்திருந்தாங்கன்னு சொன்னாங்க. படத்துக்கு இன்டர்நேஷனல் ஃபீச்சர் ஆஸ்கரும் வந்துச்சு, பிரேசிலுக்கு அதான் மொத ஆஸ்கர்.

மேடை_முருங்கை:
எப்ப இவங்கள பத்தி பேச்சு எடுத்தாலும் பால்ட்ரோ கதைக்கே வந்து நிக்குது, எரிச்சலா இருக்கு. சென்ட்ரல் ஸ்டேஷன் வர்றப்ப அவங்களுக்கு 68 வயசு. அதுக்கு முன்னாடி அரை நூற்றாண்டு வேல செஞ்சு முடிச்சாச்சு, நாகு கேட்ட கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு.

நெஜப்பேரு ஆர்லெட். ரியோவோட புறநகர்ல உழைக்கிற குடும்பம், போர்ச்சுகலும் இத்தாலியும் கலந்த வம்சாவளி. பதினஞ்சு பதினாறு வயசுல ரேடியோவுக்குப் போனாங்க, கல்வி அமைச்சகத்தோட ரேடியோ ஸ்டேஷன், அங்க அறிவிப்பு, ரேடியோ நாடகம், இலக்கியத்த ரேடியோவுக்கு ஏத்த மாதிரி எழுதுறது எல்லாம் பண்ணாங்க. கூடவே ஒரு மொழிப்பள்ளில வெளிநாட்டுக்காரங்களுக்கு போர்ச்சுகீஸ் சொல்லிக்குடுத்து சம்பாதிச்சாங்க. அவங்க குரல கவனிச்சீங்கன்னா ஒரு வார்த்த கூட முழுங்க மாட்டாங்க, அது ரேடியோ குடுத்த சொத்துன்னு நான் நெனக்கிறேன். ஃபெர்னாண்டாங்கற பேரு பழைய நாவல்ல வர்ற மாதிரி இருக்குன்னு வச்சுக்கிட்டது, மொண்டெனேக்ரோ அவங்க வீட்ல எல்லாரும் கதகதயா சொல்லிப் புகழ்ந்த ஒரு டாக்டரோட பேரு.

1950ல மொத தொழில்முறை நாடகம். அதுல கூட நடிச்ச ஃபெர்னாண்டோ டோரெஸ்தான் பின்னாடி வீட்டுக்காரரு, 2008ல அவரு சாகுற வரைக்கும் ஒண்ணாவே இருந்தாங்க, ஒண்ணாவே வேல பாத்தாங்க. 1951ல ரியோவுல டீவி டூபி சேனல் ஆரம்பிச்சப்ப ஒப்பந்தம் போட்ட மொத நடிகை இவங்கதான். இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, அப்ப டிவின்னா நேரலை, வீடியோடேப் கிடையாது. வாராவாரம் ஒரு முழு நாடகம், மனப்பாடம் பண்ணி, கேமரா முன்னாடி ஒரே மூச்சுல, தப்பு பண்ணா ஊரே பாக்கும். அப்படி வருஷக்கணக்கா ஓட்டியிருக்காங்க, பகல்ல ஒத்திகை, ராத்திரி மேடை, நடுவுல டிவி. அந்த நேரலை நாடகங்கள் எல்லாம் காத்தோட போச்சு, நமக்குப் பாக்க குடுத்து வைக்கல. அதனாலதான் நாடக நடிகையா டிவி நடிகையான்னு கேட்டா எனக்கு பதில் சொல்லத் தெரியல, அவங்க ஆரம்பிச்சப்ப ரெண்டும் ஒரே வேலையா இருந்துச்சு.

1959ல புருஷன், செர்ஜியோ பிரிட்டோ, இட்டாலோ ரோஸி, இத்தாலில இருந்து வந்த டைரக்டர் ஜியான்னி ராட்டோ இவங்களோட சேந்து தியேட்ரோ டோஸ் செட்டேன்னு சொந்தக் கம்பெனி. மொத நாடகத்த ரியோ முனிசிபல் தியேட்டர்லயே போட்டாங்க. அப்புறம் நெல்சன் ரோட்ரிகெஸ், பிரேசில் நாடகத்துல பெரிய தலை, வில்லங்கமான ஆளும்தான், அவர விடாம நச்சரிச்சு தங்களுக்குன்னு ஒரு நாடகம் எழுத வச்சாங்க. அதான் ஓ பெய்ஜோ நோ அஸ்ஃபால்ட்டோ, 1961ல மேடையேறிச்சு. ரோட்டுல அடிபட்டு சாகப்போற ஒருத்தன் கடைசியா ஒரு முத்தம் கேக்குறான், வழியில போன ஒருத்தன் குடுத்துடுறான், பத்திரிகையும் போலீசும் சேந்து அவன் வாழ்க்கைய நாசம் பண்ணுது. இன்னிக்கு எடுத்து போட்டாலும் ஒரு வரி மாத்த வேணாம்.

காசு விஷயமும் சொல்லணும். 1973ல கலாபார்னு ஒரு நாடகம், சிக்கோ புவார்க்கேவும் ருய் கெர்ராவும் எழுதுனது, தயாரிப்பு டோரெஸ் குடும்பம். பதினேழாம் நூற்றாண்டுல போர்ச்சுகீஸ்காரன விட்டுட்டு டச்சுக்காரன் பக்கம் போன ஒருத்தன் கத, துரோகின்னா யாருன்னு கேக்குற நாடகம். ராணுவ ஆட்சில சும்மா விடுவானா? செட்டு, டிரெஸ்ஸு, பெரிய குழு எல்லாம் ரெடியான பிறகு சென்சார் தடை போட்டுட்டான், தடை போட்ட விஷயத்தயே பத்திரிகைல எழுதக்கூடாதுன்னு இன்னொரு தடை. போட்ட பணம் மொத்தமும் போச்சு. அப்புறமும் ஊரூரா நாடகம் போட்டுத்தான் எழுந்திரிச்சாங்க. ஐ ஆம் ஸ்டில் ஹியர்ல அந்தக் காலத்துப் பொம்பளயா அவங்க உக்காந்திருக்கும்போது எனக்கு இதெல்லாம்தான் ஓடுச்சு.

1982ல ஜெர்மன் டைரக்டர் ஃபாஸ்பைண்டர் எழுதுன பெட்ரா வான் காண்ட், 86ல அகஸ்டோ போவால் டைரக்ட் பண்ண ஃபெட்ரா, 87ல அடேலியா பிராடோ கவிதைகள வச்சு ஒத்த ஆளா ஒரு நாடகம்னு அந்த பத்து வருஷத்துல மேடையில உச்சத்துல இருந்தாங்க. நடுவுல 1985ல ராணுவ ஆட்சி முடிஞ்சு வந்த ஜனாதிபதி ஜோசே சார்னே கூப்பிட்டு கலாச்சார அமைச்சர் பதவி தர்றேன்னாரு, எனக்கு மேடைதான் எடம்னு மறுத்துட்டாங்க.

சீரியல்_சித்தி:
நான் வந்துட்டேன் 🙋‍♀️ மேடைக்காரரு சொன்னது எல்லாம் சரி, ஆனா பிரேசில்ல தெருவுல போறவங்கள நிறுத்திக் கேட்டா ஃபெட்ராவயா சொல்லுவாங்க? பியா ஃபல்காவோனுதான் சொல்லுவாங்க!

நாவெலான்னா நம்ம ஊரு மெகா சீரியல் மாதிரி பத்து வருஷம் இழுக்குற சமாச்சாரம் இல்லீங்க, ஏழெட்டு மாசம், திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ராத்திரி ராத்திரி, முடிவுன்னு ஒண்ணு வரும், அந்தக் கடைசி எபிசோடுக்கு நாடே டிவி முன்னாடி உக்காந்திருக்கும். ரெடே குளோபோ சேனல்ல இவங்க பண்ண நாவெலாக்கள்ல நான் மொதல்ல பாத்தது 1983 கெர்ரா டோஸ் செக்ஸோஸ், பழைய கிளிப்பு கெடச்சு அதுல இருந்து தேடித்தேடி பாத்தேன். ஒரு மாமா சொத்த ரெண்டு பேருக்கு சேத்து எழுதி வச்சுட்டு செத்துப்போயிடுறாரு, இவங்களும் பவுலோ அவுத்ரனும், ஒருத்தர ஒருத்தர் கண்டாலே ஆகாது, ஒரே வீடு ஒரே கடை. ஒரு நாள் காலைல டிபன் சாப்பிட உக்காந்து பேச்சு முத்தி, டேபிள்ல இருக்குற சாப்பாட்டையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசுவாங்க பாருங்க!! ரெண்டு பேரும் அந்த நாட்டு நாடகத்தோட மகாராணி மகாராஜா, ஷேக்ஸ்பியர் பேசுன வாயி, அந்த மூஞ்சில க்ரீம் வழிய வழிய நிதானமா, மரியாத கொறயாம, அடுத்தது எத எடுக்கலாம்னு யோசிச்சு எடுப்பாங்க. அவசரமே படமாட்டாங்க, அதான் சிரிப்பு. பிரேசில் டிவிய பத்தி எவன் தொகுத்தாலும் அந்த சீன் இல்லாம இருக்காது.

பியா ஃபல்காவோ 2005ல பெலிசிமான்னு ஒரு நாவெலால. பேத்திய நிம்மதியா இருக்க விடாத பணக்காரப் பாட்டி, பக்கா வில்லி. கார் ஆக்ஸிடெண்ட்ல செத்துட்டான்னு எல்லாரும் நம்பி, அப்புறம் திரும்பி வந்து நிப்பா. கடைசில தண்டனயும் கிடையாது, பாரிஸுக்கு தப்பிச்சுப் போயி தன்ன விட ரொம்ப வயசு கம்மியான காதலனோட ஜாலியா இருக்கா, வில்லிக்கு அழுகாச்சி முடிவு எழுதாத ரைட்டர் வாழ்க 😂 சில்வியோ டி அப்ரேயு, டிபன் சண்டைய எழுதுனதும் அவருதான்.

அப்புறம் 2015 பாபிலோனியா. மொத எபிசோடுலயே இவங்களும் நதாலியா திம்பெர்க்கும் முத்தம் குடுத்துக்குறாங்க, பல வருஷமா சேந்து வாழ்ற ரெண்டு பொம்பளைங்க ரோலு. ரெண்டு பேரும் 1929ல பொறந்தவங்க, அப்ப 85 வயசு. பாராளுமன்றத்துல இருந்த மதக்கட்சி ஆளுங்க எல்லாம் புறக்கணிக்கணும்னு அறிக்க விட்டாங்க, ரேட்டிங்கும் சரியா போகல, கதையையும் பாதியில மாத்துனாங்க. முத்தம்னு பேருதான், ரொம்ப நாள் ஒண்ணா குடித்தனம் பண்ணவங்க போற போக்குல குடுத்துக்குற மாதிரி இருக்கும், அதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டம். எனக்கு அந்த நாவெலா மொத்தமா பிடிக்கல, உண்மைய சொல்லணும்ல, ஆனா அந்த ரெண்டு பாட்டிங்க வர்ற சீன் மட்டும் தங்கம்.

இன்னொண்ணு விட்டுட்டீங்க எல்லாரும். 2013ல இன்டர்நேஷனல் எம்மி பெஸ்ட் ஆக்ட்ரஸ் வாங்குன மொத பிரேசில்காரங்க இவங்க! டோசி டி மயேன்னு டிவிக்கு எடுத்த படம், டோனா பிகுச்சான்னு 85 வயசு அம்மா, நாலு புள்ளைங்க, கூட இருந்த வேலைக்கார பொண்ணு கல்யாணம் ஆகிப் போனதும் அம்மாவ யாரு வச்சுக்குறதுன்னு அடிச்சுக்குறாங்க, இவங்களோ எவன் வீட்டுக்கும் அடங்க மாட்டாங்க. ஆஸ்கர் கெடைக்கலன்னு அழறவங்க இத போயி பாருங்க.

மேடை_முருங்கை:
@சீரியல்_சித்தி அக்கா டிபன் சண்டைய நான் எங்க மறுத்தேன், என் பேவரிட்டும் அதான். அவங்க டிவி சம்பளம்தான் நாடகத்துக்கு சோறு போட்டுச்சு, அத அவங்க எப்பவும் கொறச்சுப் பேசுனதில்ல. நாடகக்காரங்கள்ல பாதிப்பேரு டிவிய கீழா பாத்த காலம் அது.

ரீல்பெட்டி:
சித்தி கலக்கிட்டீங்க. நான் பழைய படம் ரெண்டு சேக்குறேன். மொத சினிமா ஆ ஃபலெசிடா, 1965, லியோன் ஹிர்ஸ்மன் டைரக்ஷன், இதுவும் நெல்சன் ரோட்ரிகெஸ் நாடகம்தான். ரியோவோட வடக்குப் பக்கம் ஏழக் குடும்பம், புருஷனுக்கு வேல இல்ல, ஃபுட்பால் பைத்தியம், பொண்டாட்டி சுல்மிராவுக்கு ஒரே ஒரு ஆச, செத்தா ஊரே வாய் பொளக்குற மாதிரி சவ ஊர்வலம் வேணும். கொட்டுற மழைல நின்னு அவ குளிக்குற ஒரு சீன் இருக்கு, சந்தோஷமா கிறுக்கா சொல்ல முடியாத முகம். அப்ப வயசு 35, மேடையில பேரு வாங்குனப்புறம்தான் சினிமாவுக்கே வந்திருக்காங்க.

ரெண்டாவது, அதே ஹிர்ஸ்மனோட 1981 படம் எலெஸ் நாவோ உசாம் பிளாக் டை. சாவோ பாலோ ஃபேக்டரி ஸ்ட்ரைக், அப்பா யூனியன்காரரு, மகன் ஸ்ட்ரைக்க உடைச்சு வேலைக்குப் போறான், நடுவுல அம்மா ரொமானாவா இவங்க. அப்பாவா நடிச்ச குவார்னியேரிதான் மூல நாடகத்த எழுதுனவரு, 1958ல மேடையில அதே கதைல மகனா நடிச்சவரு. வெனிஸ்ல ஜூரி பரிசு. அதுல ஒரு சீன் சொல்றேன், கூட்டாளி போலீஸ் குண்டுல செத்துட்டான், வீட்ல ராத்திரி புருஷனும் பொண்டாட்டியும் டேபிள்ல பீன்ஸ கொட்டி நல்லது சொத்தை பிரிச்சுக்கிட்டிருக்காங்க. பேச்சே இல்ல. பீன்ஸ் சத்தம் மட்டும். ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுக்கிட்டே கண்ணு கலங்குது, ஆனா கை நிக்கல, நாளைக்கு சமைக்கணும்ல. நாகு நீங்க அல்சைமர் சீன சொன்னீங்கள்ல, அந்த மௌனத்த இவங்க 43 வருஷம் முன்னாடியே பண்ணிட்டாங்க.

கேள்விக்குறி:
சரி ஆஸ்கர விட்டுட்டேன் 😅 இப்ப ஒரு டவுட்டு, கடைசி காலத்துல சினிமால எல்லாம் ரெண்டு நிமிஷ ரோல்தானா? தி இன்விசிபிள் லைஃப்லயும் கடைசில மட்டும் வந்தாங்களே.

ரீல்பெட்டி:
வந்தாங்க, 2019, கரீம் ஐநூஸ் படம், கான்ஸ் பட விழால அன் செர்டன் ரிகார்ட்ங்கற பிரிவுல பரிசு. ஆனா யோசிச்சுப் பாருங்க, சென்ட்ரல் ஸ்டேஷன்ல அடுத்தவங்க லெட்டர போஸ்ட் பண்ணாம பூட்டி வச்சவங்க, இதுல புருஷன் செத்தப்புறம் தனக்கு வந்து சேராம பல வருஷம் பூட்டிக் கெடந்த லெட்டர எடுத்துப் படிக்குறாங்க. டைரக்டர் இத நெனச்சுத்தான் போட்டாரான்னு கேக்காதீங்க, எனக்கு சென்ட்ரல் ஸ்டேஷன் தெரிஞ்சதால ரெண்டு மடங்கு அடிச்சுச்சு.

ரெண்டு நிமிஷ ரோல் மட்டும்னு சொல்ல முடியாது. 2025ல விட்டோரியா வந்துச்சு, முழுக்க இவங்கதான், படம் வரும்போது வயசு 95. கோபகபானால தனியா இருக்குற ஒரு பாட்டி, ஜன்னல் வழியா எதிர்ல மலைச்சரிவுல நடக்குற போதப்பொருள் வியாபாரத்தயும் அதுல பங்கு வாங்குற போலீசையும் கேமரால பதிவு பண்ணி மாட்டி விட்ட உண்மைக் கத. டைரக்ட் பண்ண வேண்டியவரு ஷூட்டிங் டைம்ல எறந்துட்டாரு, மொண்டெனேக்ரோவோட மாப்பிள்ள ஆண்ட்ருச்சா வாடிங்டன் எடுத்து முடிச்சாரு. அதே மாப்பிள்ள 2005ல எடுத்த ஹவுஸ் ஆஃப் சாண்ட் படமும் இருக்கு, மணல்மேட்டுக்கு நடுவுல அம்மாவும் பொண்ணும், நெஜ அம்மா நெஜ பொண்ணு.

நைட்ஷோ_நாகு:
அடேயப்பா, ஒரு கேள்வி கேட்டேன், ஒரு புக்கே போட்டுட்டீங்க 🙏 எல்லாருக்கும் நன்றி. இந்த வீக்எண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன், அடுத்து அந்த பீன்ஸ் படம், அப்புறம் விட்டோரியான்னு வச்சுக்கலாமா? நாடகம் எதுவும் ரெக்கார்டிங்ல கெடைக்காதா? இப்பவும் மேடை ஏறுறாங்களா?

சீரியல்_சித்தி:
இடைல ஆட்டோ டா கம்பதெசிடாவ சொருகுங்க நாகு, அழுது அழுது கண்ணு வீங்கிடும் இல்லேன்னா. 1999ல மினி சீரிஸா வந்து 2000த்துல படமா வெட்டுனாங்க. வறண்ட நாட்டுப்புறத்துல ரெண்டு திருட்டுப் பசங்க காமெடி, செத்துப்போயி மேல விசாரணைக்குப் போனதும் வாதாட வர்ற மாதாவா இவங்க. சப்டைட்டில் கொஞ்சம் வேகமா ஓடும், அவனுங்க பேசுற ஸ்பீடு அப்படி.

மேடை_முருங்கை:
@நைட்ஷோ_நாகு ஆர்டர் சரி, விட்டோரியாவுக்கு முன்னாடி ஆ ஃபலெசிடாவ போட்டுக்கங்க, பழைய பிரிண்ட்டுதான், பரவால்ல.

ரெக்கார்டிங் எனக்குத் தெரிஞ்சு முழுசா சப்டைட்டிலோட எதுவும் கண்ணுல படல, துண்டு துண்டா கெடைக்கும். மேடை ஏறுறாங்களான்னா, பிரெஞ்சு தத்துவ எழுத்தாளர் சிமோன் டி பொவ்வார் எழுத்த உக்காந்து வாசிக்கிற ஒரு நிகழ்ச்சிய வருஷக்கணக்கா பண்ணிக்கிட்டிருக்காங்க, நாற்காலி, மேஜை, கைல பேப்பர், வேற செட்டு கிடையாது. 2024 ஆகஸ்ட்ல சாவோ பாலோ இபிராபுவேரா பார்க்ல திறந்தவெளில வாசிச்சப்ப பதினஞ்சாயிரம் பேரு பக்கத்துல கூட்டம், தத்துவ வாசிப்புக்கு! 2021 நவம்பர்ல பிரேசில் இலக்கிய அகாடமில 17ஆம் இருக்கைக்கு தேர்ந்தெடுத்தாங்க, வேற யாரும் போட்டி போடல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அரசாங்க கலைத்துறைல பெரிய பொறுப்புல இருந்த ஒருத்தரு இவங்கள ஆன்லைன்ல கேவலமா திட்டுனாரு, அவரு 2020 ஜனவரில ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸ் பேச்ச காப்பியடிச்சுப் பேசி வேலையே பறிபோச்சு. பொவ்வார் வாசிப்போட கிளிப்பு ஆன்லைன்ல இருக்கு, ஆங்கில சப்டைட்டில் இல்லாட்டியும் ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க, ரேடியோ குரல்னு நான் சொன்னேன்ல, அது அங்க கேக்கும்.